குறிப்பேட்டில் தொங்கும் மணிச்சரம்



பழைய நோட்டுகளில் மிஞ்சிய தாள்களைத் தைத்து மாணவர்கள் செய்யும் நாட்குறிப்பேட்டின் முதுகில் ஒரு மணிச்சரம் தொங்கினால், அதைக் கையில் எடுக்க அவர்களுக்கே ஆசை வரும்.

மணிகளைக் கடையில் வாங்க வேண்டியதில்லை. காலண்டர் தாளை நீண்ட முக்கோணங்களாக வெட்டி, அகன்ற பக்கத்திலிருந்து ஈர்க்குச்சியில் சுற்றி, நுனியைப் பசையால் ஒட்டி உருவினால் மணி தயார். ஓரடி நூலில் முதலில் ஒரு பாசிமணியைக் கோத்து (‘கோர்த்து’ அல்ல!) நடுவில் நிறுத்துங்கள். நூலின் இரு முனைகளையும் சேர்த்துத் தாள்மணிகளுக்குள் செலுத்துங்கள். அடியில் நிற்கும் பாசிமணியே மற்றவற்றைத் தாங்கும். அது தாள்மணியின் துளையைவிடப் பெரிதாக இருந்தால் போதும். முனைகளைக் குறிப்பேட்டின் தையல் நூலில் இரட்டை முடிச்சிடுங்கள். சரம் விரல் நீளத்தைத் தாண்டினால் பைக்குள் சிக்கி அறுந்துவிடும்.

அழகாக இருக்கிறதே என்று குன்றிமணியை மட்டும் பயன்படுத்தாதீர்கள். அதனுள் அப்ரின் என்னும் கொடிய நஞ்சு இருக்கிறது. கடினமான மேல்தோல் அதை அடக்கி வைத்திருக்கும். சரத்துக்காகத் துளையிட்டதும் அந்தக் காப்பு போய்விடும். மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. குழந்தைகள் வேலியோரம் பொறுக்கி வந்தால் வாங்கி அப்புறப்படுத்திவிட்டு, காரணத்தையும் சொல்லுங்கள். ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் பாசிமணியும் வேண்டாம். மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்வார்கள். அடியில் தடித்த தாள்மணி ஒன்றைக் குறுக்காகக் கட்டிக் கொடுங்கள்.

கரும்பலகையில் மாதிரி வரைய வேண்டாம். வரைந்தால் வகுப்பு முழுவதும் ஒரே சரம்தான் வரும். இரண்டு சிவப்பு, ஒரு நீலம் என்று ஒரு குழந்தை தானாகத் தொடங்கட்டும். அடுத்தது என்ன நிறம் என்று பக்கத்தில் இருக்கும் குழந்தை ஊகிக்கட்டும். கணக்கில் அமைப்புகள் பாடத்தை அன்றைக்கே எடுத்துவிடலாம்.