யோனாவின் தயக்கம்



அமித்தாயின் குமாரனாகிய யோனா, அசீரியரின் நினிவே நகருக்குச் செல்லும்படி அழைக்கப்பட்டும், யோப்பாவிலிருந்து தர்ஷீசுக்குக் கப்பலேறினார். அச்சமே காரணம் என்பர் பலர். அவரே கூறும் காரணம் நான்காம் அதிகாரத்தில் உள்ளது. கொடுமைக்குப் பேர்போன அம்மக்களை ஆண்டவர் மன்னித்துவிடுவார் என்பதே அவருடைய மனக்குறை.

அதனை நாம் எளிதில் பழித்தலாகாது. ஒடுக்கப்பட்டோர் உள்ளத்தில் எழும் கொதிப்பு அது. ஆயினும் நினிவே வெறுமனே தப்பவில்லை. 40 நாளில் அழிவு வரும் என்னும் எச்சரிக்கையைக் கேட்டு, அரசன் அரியணைவிட்டிறங்கிச் சாம்பலில் அமர்ந்தான். எல்லோரும் கொடுமையை விட்டொழிக்குமாறு ஆணையிட்டான். அவர்கள் திருந்தியதைக் கண்ட பின்னரே ஆண்டவர் இரங்கினார்.

ஆகவே, மன்னிப்பு என்பது அநீதியின்முன் வாய்மூடி நிற்பதன்று. தீமையைத் தீமையென்று உரைப்பது முதற்கடமை. தீயவர் திருந்தினால் மகிழ்வது இரண்டாங்கடமை. யோனா முன்னதைச் செய்தார், பின்னதில் தவறினார். வாடிய ஆமணக்குக்காக வருந்தியவர், 1,20,000-க்கும் மேற்பட்ட மக்களுக்காக வருந்தவில்லை.

இளைஞர்களே, நாம் பெற்ற கல்வி உண்மையை உரைக்கும் துணிவைத் தரட்டும், பகையை வளர்க்காதிருக்கட்டும். யோனாவின் நூல் ஆண்டவரின் வினாவோடு முடிகிறது. அதற்கு விடையளிக்க வேண்டியவர் நாமே.