கிணற்றுத் தண்ணீரும் பிள்ளைகளின் எலும்பும்

வற்றாத ஆறில்லாத எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குக் கிணறுதான் தாய். சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்தபோது மணமே அதைக் காட்டிக்கொடுத்தது. 2019இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு விதித்தது.

கிணற்று நீரில் கரைந்திருக்கக்கூடிய புளோரைட்டுக்கோ மணமும் இல்லை, நிறமும் இல்லை. அனுராதபுரப் பக்கத்துப் பிள்ளைகளின் பற்களில் அது பழுப்புக் கறையாக நிற்கிறது. அளவு மிஞ்சி ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்புக்குள் படியும். வளரும் எலும்பு அதைக் கூடுதலாகவே இழுக்கும். இந்தியாவின் நெல்லூர்ப் பக்கத்தில் இப்படி முதுகும் மூட்டும் இறுகிப்போனவர்களைப் பற்றி மருத்துவர்கள் 1937இலேயே எழுதிவிட்டார்கள்.

இலங்கைத் தரப்படி லீற்றருக்கு 1 மில்லிகிராம்தான் எல்லை. தாய்மாரே, கொதிக்க வைத்தால் புளோரைட்டு போகாது. நீர் வற்ற வற்ற இன்னும் செறியும். புதுக்கிணறு வெட்டினால், பிள்ளைக்கு வார்க்க முன்னம் ஒரு போத்தல் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.