பொறுமை யாருடைய குணம்?

கதை படித்த குழந்தையிடம், 'இவர் எப்படிப்பட்டவர்?' என்று கேட்கிறோம். 'பொறுமைசாலி' என்றால் மதிப்பெண் போடுகிறோம். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) நாவலில் வரும் ஆரோக்கியத்துக்கும் அதே விடைதானா? பறையர் வீட்டுத் துணிகளை வெளுத்து, இரவில் வீடு வீடாகச் சோறு வாங்கும் அந்த வண்ணாரப் பெண்ணுக்கு மறுக்க வழி இருந்ததா? வழியில்லாதவர் பணிந்துபோவதைக் குணமாக எழுதினால், சாதி செய்ததை அவர் தலையில் கட்டுகிறோம்.

அவர் வாய்விட்டுப் புலம்புகிறார். தமக்குச் சேர வேண்டியதைக் கேட்கிறார். குணத்தை அங்கே தேடச் சொல்வோம்.

அவரிடம் வேலை வாங்குவோரும் தலித்துகளே, நம்மவர்களே. 'அவர்கள் எப்படிப்பட்டவர்கள்?' என்று குழந்தை திருப்பிக் கேட்கும். நாம் நழுவாமல் பதில் சொல்வோம். அதிலிருந்துதான் நம் பிள்ளைகளின் வாசிப்பு தொடங்கும்.

ஜெய் பீம்!