பரிசும் மேலுறையும்

கிறிஸ்துமஸ் நெருங்குங்கால் டில்லியிலும் கொல்கத்தாவிலும் மும்பையிலும் கடைவீதிகளில் பளபளக்கும் தாள்கள் வந்து குவிகின்றன. பரிசுப் பொருளைத் தேர்வதில் ஒரு மாலைப் பொழுதைச் செலவிடும் நாம், அதைச் சுற்றும் வேலையைக் கடைக்காரரிடமே ஒப்படைத்து விடுகிறோம். பொருள்கள் வேறு வேறாயினும் உறை எல்லா வீட்டுக்கும் ஒன்றாகவே போய்ச் சேருகிறது. மேலுறையும் பரிசின் ஒரு பகுதியே. அதில் நம் கையும் கருத்தும் பட வேண்டும் என்பதே இன்று யான் சொல்ல விழைவது.

இவ்விழாவுக்கும் உறைக்கும் உள்ள தொடர்பு பழமையானது. பிறந்த குழந்தையைத் துணியிற் சுற்றி முன்னணையிலே கிடத்தியதாக லூக்காவின் நற்செய்தி கூறுகிறது. அந்த எளிய துணிக்கு முன் அச்சிட்ட வண்ணத்தாள் மிக அண்மைக் காலத்தது. 1917ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் வேளையில், அமெரிக்காவின் கான்ஸாஸ் நகரில் ஹால் சகோதரர்கள் நடத்திய கடையில், பரிசு சுற்றும் மெல்லிய தாள் தீர்ந்துபோயிற்று. கடித உறைகளுக்கு உட்புறம் ஒட்டும் சித்திரத் தாளை எடுத்து, ஒன்று பத்து சென்ட் என்று விற்றனர். அது விரைவில் விலைபோயிற்று; ஹால்மார்க் என்னும் அந்நிறுவனத்தின் வண்ணத்தாள் வாணிகம் அவ்வாறு தொடங்கியதே. 1930இல் ரிச்சர்ட் ட்ரூ என்பவர் ஒளி ஊடுருவும் ஒட்டுநாடாவைக் கண்டபின், கயிறும் அரக்கும் படிப்படியாக மறைந்தன.

இன்று மினுக்கும் தாள்கள் பலவற்றில் பிளாஸ்டிக் அல்லது உலோகப் பூச்சு கலந்துள்ளது. ஒரு துண்டைக் கையிற் கசக்கிப் பாருங்கள். கசங்கியபடியே கிடந்தால் பெரும்பாலும் அது வெறும் தாள். விரித்துக்கொண்டு எழுந்தால் பிளாஸ்டிக் கலந்தது. பின்னது ஒரு நிமிட மகிழ்ச்சிக்குப் பின் பல்லாண்டுக் குப்பையாகக் கிடக்கும்.

அங்ஙனமாயின் வேறு வழி யாது? முதலில் ஒரு கருத்தை வகுத்துக்கொள்ளுங்கள். நட்சத்திரம் என்பது ஒரு கருத்து. பள்ளிப் புத்தகங்களுக்கு அட்டை போடும் பழுப்புத் தாளில் வெள்ளை வண்ணமும் மெல்லிய தூரிகையும் கொண்டு நட்சத்திரக் கோலம் ஒன்றை இடுங்கள். சுண்ணக்கட்டி உதிர்ந்துவிடும்; வண்ணமே நிற்கும். சிவப்பு நூலால் கட்டினால் வேறு அணி வேண்டுவதில்லை. பெட்டியைச் சுற்றிவந்து இரண்டு விரற்கடை மிகும்படி தாளின் நீளம் இருக்கட்டும். அகலம், பெட்டியின் நீளத்தோடு அதன் உயரத்தில் ஒன்றரை மடங்கு கூடியதாகட்டும்.

தாய்மொழி மற்றொரு கருத்து. தமிழ் நண்பருக்கு அளிக்கும் பரிசைத் தமிழ்ச் செய்தித்தாளில் சுற்றலாம். வெளிமாநிலத்தில் அவ்வெழுத்தைக் காண்பதே ஒரு மகிழ்ச்சி. இரங்கற் செய்தி மேற்புறம் அமையாதவாறு மட்டும் பார்த்துக்கொள்க!

மூன்றாவது, நாம் வாழும் ஊர். ஜெய்ப்பூரை அடுத்த சாங்கானேரில் பருத்தித் துணிக் கழிவிலிருந்து கையாலே தாள் செய்கிறார்கள். புதுச்சேரியிலும் 1959இல் தொடங்கிய அரவிந்தர் ஆசிரமக் கைத்தாள் ஆலை உண்டு. குஜராத்தில் இருப்போர்க்குப் பாந்தனித் துணி இருக்கிறது. அசாமில் இருப்போர்க்கு வெண்மையில் செங்கரை ஓடும் கமோசா இருக்கிறது. விழாவின் இரு நிறங்களும் அதிலேயே அமைந்துள்ளன. அது அங்கே மரியாதைக்கு அடையாளமாக அளிக்கப்படுவது. ஆதலின் வெட்டாமல் முழுமையாகவே சுற்றித் தருக.

துணியாற் சுற்றுவதில் ஜப்பானியர் வல்லவர். சதுரத் துணியால் பொருளை முடியும் முறையை அவர்கள் ஃபுரோஷிகி என்பர். 2006இல் அந்நாட்டின் சுற்றுச்சூழல் அமைச்சராயிருந்த யூரிகோ கோய்கே, குப்பையைக் குறைக்கும் பொருட்டு அதை மீண்டும் பரப்ப முயன்றார். துணியின் மூலைவிட்டம் பொருளின் நீளத்தைப்போல் மும்மடங்கு இருந்தால் போதும். எதிரெதிர் மூலைகள் இரண்டை உள்ளே மடித்து, எஞ்சிய இரண்டை மேலே முடிந்துவிடலாம். ஒட்டுநாடா வேண்டா, கத்தரியும் வேண்டா.

ஊருக்கு அஞ்சலில் அனுப்புவோர் பூமுடிச்சு வைத்தல் வீண். அது வழியில் நசுங்கிவிடும். உள்ளே துணியால் முடிந்து, வெளியே உறுதியான அட்டைப்பெட்டியில் இடுவதே தக்கது.

வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு அயலாரே உறவினர். விழா யாருடையதாயினும், அவர்தம் ஊரின் தாளிலும் துணியிலும் நாம் ஒரு பரிசைச் சுற்றிக் கொடுத்தால், உம்முடைய ஊரை யாமும் அறிந்துகொண்டோம் என்று சொல்லாமற் சொன்னவராகிறோம். அவ்வுறையை அவர் கிழித்தெறியாமல், மடித்துப் பெட்டியில் எடுத்து வைப்பாரானால், நாம் கொடுத்த பரிசு ஒன்றன்று, இரண்டு.