கிட்னிக்குப் பயந்து குளிசையை விடாதீர்கள்

(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளப் பேச்சை அடுத்த கூட்டத்துக்கு வைப்போம். இன்றைக்குச் சீனி வருத்தக் குளிசையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. "மெட்போர்மின் குடித்தால் கிட்னி போய்விடும்" என்று நம் லயங்களில் ஒரு கதை சுற்றுகிறது. அதை நம்பி, கிளினிக்கில் தந்த குளிசையை அரிசி டின்னுக்குப் பின்னால் போட்டு வைத்திருப்பவர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள்.

பயப்படுவதில் வியப்பில்லை. நமது மாத்தளை மாவட்டத்திலேயே, வில்கமுவப் பக்கம் கிட்னி வருத்தம் பல விவசாயக் குடும்பங்களை அழித்திருக்கிறது. ஆனால் அது சீனியும் பிரஷரும் இல்லாதவர்களுக்கும் வருகிற, காரணம் பிடிபடாத வேறொரு நோய். இந்தக் குளிசையால் வந்ததல்ல.

பின்னே கதை எப்படிப் பிறந்தது? மெட்போர்மின் உடம்புக்குள் மாறாமல், கிட்னி வழியாகச் சிறுநீரில் வெளியேறுகிறது. கிட்னி பலவீனமானால் இரத்தத்தில் தேங்கும். அதனால் டாக்டர் அளவைக் குறைப்பார், இல்லையென்றால் நிறுத்துவார். பக்கத்துக் காம்பராக்காரர் அதைப் பார்த்து, "டாக்டரே நிறுத்திட்டார், அப்போ குளிசைதான் கெடுத்தது" என்கிறார். கெடுத்தது வருடக்கணக்காகக் கட்டுப்படாமல் கிடந்த சீனியும் பிரஷரும். ஆகவே கிட்னிக்கென்று இரத்தம் எடுக்கச் சொன்னால் தட்டிக்கழிக்காதீர்கள். வருடத்துக்கு ஒரு தடவையாவது பார்க்க வேண்டும்.

இங்கிலீஷ் மருந்து என்று ஒதுக்குபவர்களுக்கு ஒரு செய்தி. இதன் மூலம் கலேகா என்ற ஐரோப்பியப் பச்சிலை. 1957இல் பிரான்சில் ழான் ஸ்டேர்ன் என்ற டாக்டர்தான் சீனிக்கு இதைக் கொடுத்துப் பார்த்து எழுதினார்.

மெட்போர்மினைச் சாப்பாட்டோடு குடியுங்கள். வெறும் வயிற்றில் குமட்டும், வயிற்றால் போகும். பெரும்பாலானோருக்குச் சில வாரத்தில் பழகிவிடும். பழகாவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள், மெதுவாகக் கரைகிற வகையும் இருக்கிறது. வாந்தி, வயிற்றோட்டம் கடுமையானால் மெட்போர்மினை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் போக வேண்டும். கசிப்பும் இந்தக் குளிசையும் சேரவே கூடாது.

கொப்பியில் கிளிக்லசைட் என்றும் எழுதியிருந்தால் இன்னும் கவனம். மெட்போர்மின் மட்டும் குடிப்பவர்களுக்குச் சீனி ஆபத்தாக இறங்குவது அபூர்வம். கிளிக்லசைட் இறக்கிவிடும். அதைக் குடித்துவிட்டு வெறும் பிளேன்டீயோடு பெரட்டுக்குப் போய், மலையில் ஏறி நின்றால் கை நடுங்கும், வியர்க்கும், பேச்சுத் தடுமாறும். உடனே மூன்று நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பிறகு ரொட்டி சாப்பிட வேண்டும். கொழுந்துக்குப் போகும்போது மடியில் ஒரு பொட்டலம் சீனி இருக்கட்டும். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

கிளினிக் நாளில் பேர் விழாது என்பதால்தான் பலர் போவதில்லை. ஒருவர் வாங்கிவந்ததை மூன்று பேர் பங்கிடுகிறார்கள். ஒருவருக்குப் பொருந்திய அளவு இன்னொருவரை மலையிலேயே விழுத்தும். அரைநாள் சம்பளத்துக்காக இப்படி நடக்க விடமாட்டோம். கிளினிக் கொப்பியைக் காட்டினால் அரைப்பேராவது போட வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்கப் போகிறோம். அதற்குக் கணக்கு வேண்டும். உங்கள் வீட்டில் யாருக்கு, எந்தத் திகதியில் கிளினிக் என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் மாதர் தலைவியிடம் எழுதிக் கொடுங்கள்.