நியூயார்க்கில் இரு புதிய பாடல்கள்

ஆரணித் தெருக்களில் பட்டுப் பாவு விரித்திருப்பதைக் கண்ட மாணவர்கள் அறிவீர்கள்: பாவு மாறாதிருக்க, ஊடை நூலை மாற்றியே நெசவாளர் புதுவண்ணம் காண்கிறார். 1966 அக்டோபர் 23 அன்று, நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை மண்டபத்தில் எம். எஸ். சுப்புலட்சுமி குழுவினர் செய்ததும் ஏறக்குறைய அதுவே.

ராதா விசுவநாதன் உடன் பாடினார். வி. வி. சுப்பிரமணியம் வயலினும், டி. கே. மூர்த்தி மிருதங்கமும் வாசித்தனர். பழைய கீர்த்தனைகளோடு, அவ்விழாவுக்கென்றே இயற்றப்பட்ட இரு பாடல்களும் ஒலித்தன. ஒன்று, காஞ்சி சந்திரசேகரேந்திர சரசுவதி சுவாமிகள் வடமொழியில் அருளிய ‘மைத்ரீம் பஜத’. அதற்கு மெட்டமைத்தவர் திரைப்பட இசையமைப்பாளர் வசந்த் தேசாய். மற்றொன்று ராஜாஜியின் ஆங்கிலப் பிரார்த்தனை. மெட்டு, சென்னை வானொலியைச் சேர்ந்த ஹேண்டல் மானுவேலுடையது.

கர்நாடக சங்கீத மேடையில் மேலைநாட்டு மெட்டா என்று ஐயுறுவோர் உண்டு. நான் அதை இழுக்கென்று கருதவில்லை, அருமையென்றே கருதுகிறேன். கமகத்தில் வளைந்து பழகிய குரல், அங்கே சுரத்தை நேராக நிறுத்த வேண்டும். அயல்மொழி உச்சரிப்பும் பிசகலாகாது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் புகழோடு பாடியவர், இதற்காக மீண்டும் மாணவியானார்.

அக்கச்சேரியின் ஒலிப்பதிவு இன்றும் கிடைக்கிறது. ஆங்கிலப் பாட்டில் அவர் குரல் எங்கே நேராக நிற்கிறது, எங்கேனும் தன்னையறியாமல் வளைகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.