சுகாதாரப் பணிமனைக்கும் பரீட்சை வேண்டும்
(பதுளைப் பகுதித் தோட்டத் தாய்மார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்துவிட்டு நேரே வந்திருக்கிறீர்கள். நீட்டிப் பேச மாட்டோம்.

நாம் பறிக்கிற கொழுந்து தூளானதும் கொழும்பில் அதை ருசி பார்த்துத்தான் விலை போடுறாங்க. ஸ்கூலில் பிள்ளைக்குத் தவணைப் பரீட்சை இருக்கு. அப்போ நம்ம சுகத்தைப் பார்க்கிற பணிமனை சரியா வேலை செய்யுதான்னு யார் பார்ப்பது?

அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு சபை 2007இல் உண்டானது. அரசாங்க சுகாதாரப் பணிமனைகளுக்குத் தரச் சான்றிதழ் கொடுப்பதுதான் அதன் வேலை. 2013 பெப்ரவரியில் முதல் 11 பணிமனைகளுக்குக் கொடுத்தார்கள். பார்க்கப் போகிறவர்கள் வேறு ஊர்ப் பணிமனைகளில் அதே வேலை செய்கிறவர்கள். "செய்தோம்" என்று வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் காட்ட வேண்டும். சான்றிதழும் ஐந்து வருஷத்துக்குத்தான்.

அது எங்கேயோ இருக்கிற கதை என்று நினைக்க வேண்டாம். நம்ம ஊவாவில் மொனராகலைப் பக்கம் ஒரு காலத்தில் மலேரியாவுக்குப் பேர்போனது. இலங்கையில் மலேரியா ஒழிந்தது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2016 செப்டம்பரில் சான்று கொடுத்தது. மூன்று வருஷம் தொடர்ந்து உள்ளூரில் ஒருவருக்கும் தொற்றவில்லை என்று காட்டிய பிறகுதான் கொடுத்தார்கள். காட்டியது எதை? காய்ச்சல்காரரின் இரத்தம் பார்த்த பதிவுகளைத்தான். கொப்பி சரியாக இல்லாவிட்டால் அந்தச் சான்று இல்லை.

இனி நம்ம கதை. சுகாதார வைத்திய அதிகாரி பிரிவு என்கிற முறை 1926இல் களுத்துறையில் தொடங்கியது. அப்போது தோட்டத்துச் சுகாதாரம் 1912ஆம் ஆண்டுச் சட்டப்படி தோட்ட நிர்வாகத்தின் கையில். லயத்துப் பிள்ளை தோட்டத்துக் கொப்பியில், கிராமத்துப் பிள்ளை அரசாங்கக் கொப்பியில். இப்படி இரண்டு கொப்பி இருந்தால் நம்ம பிள்ளைகள் கணக்கில் விடுபட்டுப் போகலாம். கணக்கில் இல்லாத பிள்ளைக்கு எடை குறைந்தாலும் யாருக்குத் தெரியும்?

ஆகவே தரம் என்றால் கட்டடத்துக்குப் பெயின்ட் அடிப்பது இல்லை. கர்ப்பம் எட்டு வாரத்துக்குள் பதிவானதா, பிள்ளை பிறந்து முதல் பத்து நாளுக்குள் மிட்வைஃப் மிஸ்ஸி லயத்துக்கு வந்தாங்களா, தடுப்பூசிப் பெட்டியில் சூடு 2க்கும் 8 பாகைக்கும் நடுவில் இருக்கா, தராசு சரியா நிறுக்குதா, இதுதான் தரம். (கொழுந்துத் தராசில் ஒரு கிலோ குறைந்தால் விடுவோமா? பிள்ளைத் தராசையும் அப்படியே பாருங்கள்.)

ஒரு தாய் பிரசவத்தில் இறந்தால் நம்ம நாட்டில் அந்த மரணத்தை ஆராய்கிறார்கள். யாரைத் தண்டிக்கலாம் என்று பார்க்க இல்லை. வாகனம் பிந்தியதா, இரத்தம் இல்லையா, வீட்டார் தாமதித்தார்களா, எந்த இடத்தில் தவறியது என்று கண்டு, அடுத்த தாயைக் காப்பாற்றத்தான். அதனால் விசாரிக்க வந்தால் பயந்து ஒளிக்காதீர்கள். தோட்டத்து ரோட்டில் லொறி வர எவ்வளவு நேரம் எடுத்தது என்பது உங்களுக்குத்தான் தெரியும். நீங்கள் சொல்லாவிட்டால் அது அறிக்கையில் ஏறாது.

கிளினிக் நாளில் போனால் பேர் போகும் என்று பல பேர் நிற்கிறீர்கள். அது நியாயமான பயம். நிர்வாகத்தோடு இதைப் பேச வேண்டியது எங்கள் வேலை, பேசியும் வருகிறோம். தலைவர்மாரும் கூட வர வேண்டும்.

வருகிற கிளினிக்குக்குப் பிள்ளையின் அட்டையைக் கொண்டு போங்கள். எடையைப் புள்ளி போட்டு, கோடு ஏறுதா இறங்குதா என்று காட்டச் சொல்லுங்கள். அட்டை சிங்களத்தில் மட்டும் இருந்தால் தமிழில் கேளுங்கள். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் அரசகரும மொழிதான். வேறு தோட்டத்திலிருந்து கலியாணம் கட்டி வந்த பிள்ளைகள், பழைய இடத்துப் பதிவு இங்கே மாறியிருக்கா என்று மிஸ்ஸியிடம் அன்றைக்கே கேட்டுக்கொள்ளுங்கள்.